குடிக்கும் நேரத்துக்கு ஒரு கூட்டம்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு எழுதிய பதிலின் கடைசி வரியில், ‘குடியிலிருந்து மீள்வோருக்கான உதவிக்குழுக் கூட்டம் ஏதாவது ஒன்றுக்குப் போய் வாருங்கள்’ என்று சொல்லியிருந்தேன். எழுதுவதற்கு எளிதான வரி. அதைப் படித்தவர்கள் அனுப்பிய கடிதங்களைப் பார்த்தபிறகுதான், கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, போனால் என்ன கேட்பார்கள், போவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் விட்டது புரிந்தது. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர், ஊர், வேலை ஆகியவற்றை நீக்கிவிட்டேன்.

கேள்வி: எனக்கு 46 வயது. 18 ஆண்டுகளாகக் குடிக்கிறேன். கடைசி 7 ஆண்டுகளில் குடிக்காத நாள் என்று ஒன்று இல்லை. காலையில் கை நடுங்குகிறது. கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் இணையத்தில் தேடினால் சிகிச்சை மையங்களின் விளம்பரங்கள்தான் வருகின்றன. சரியான கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? குடித்த வாயோடு போய் நிற்கக் கூச்சமாக இருப்பதால், நானாகவே 4 நாள் நிறுத்திவிட்டுப் பிறகு போகலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

பதில்: ஐயா, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் குறித்துவைத்திருக்கும் அந்த 4 நாள்கள்தான் மிகவும் ஆபத்தான நாள்கள். பல ஆண்டுகள் நாள் தவறாமல் குடித்தவரின் மூளை மதுவின் அமுக்கத்துக்கு ஈடுகொடுத்தே இயங்கப் பழகியிருக்கும். அந்த அமுக்கம் திடீரென்று விலகும்போது அது கட்டுக்கடங்காத கிளர்ச்சிக்கு உள்ளாகிறது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடங்கலாம். முதல் 2 நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிவதும், இடமும் நேரமும் குழம்புவதும், காய்ச்சலும் சேர்ந்த ‘டெலிரியம் டிரெமன்ஸ்’ என்னும் நிலை ஏற்படலாம். மருத்துவ உதவி கிடைக்காவிட்டால் அதில் உயிர் போவதும் உண்டு. காலையில் கை நடுங்குகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், இது உங்களுக்கு வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது.

எனவே, தனியாக வீட்டில் இருந்துகொண்டு சட்டென்று நிறுத்தாதீர்கள். ஒரு மருத்துவரிடம், முடிந்தால் மனநல மருத்துவரிடம், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைப் பாதியாகக் குறைக்காமல் உள்ளபடி சொல்லுங்கள். அந்த முதல் சில நாள்களைப் பாதுகாப்பாகக் கடப்பதற்கு மருந்து இருக்கிறது. நீண்டகாலக் குடியால் உடலில் வற்றிப்போகும் தயமின் என்ற வைட்டமினையும் கொடுப்பார்கள். முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

அடுத்தது உங்கள் கூச்சம். உலகில் மிகப் பரவலாக இருக்கும் குடிமீட்புக் குழுவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., உறுப்பினராவதற்கு வைத்திருக்கும் தகுதி ஒன்றே ஒன்றுதான்: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்பது தகுதி அல்ல. குடித்துவிட்டு வந்த ஒருவரைப் பெரும்பாலான குழுக்கள் அமைதியாக உட்கார்ந்து கேட்கச் சொல்லும், பேச வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளும். அந்த அறையில் இருப்பவர்களில் பலர் தங்கள் முதல் கூட்டத்துக்கு அப்படித்தான் வந்திருப்பார்கள் என்பதால், உங்கள் வாய் வாடையில் அவர்கள் அறியாதது எதுவும் இல்லை. குடித்துவிட்டு வாகனம் ஓட்டிக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

இனி, தேடும் வழி. ‘குடிமீட்பு’ என்று பொதுவாகத் தேடினால் பணம் கட்டி விளம்பரம் செய்பவர்கள்தான் மேலே வருவார்கள். உதவிக்குழுக்களோ பெரும்பாலும் விளம்பரம் செய்வதில்லை. ஆகவே குழுவின் பெயரைச் சொல்லியே தேட வேண்டும். ஏ.ஏ. இயங்கும் நாடுகள் பலவற்றில் அதற்கென்று ஒரு அலுவலகமும், இணையத்தில் கூட்டங்களின் பட்டியலும், உறுப்பினர்களே முறைவைத்துப் பேசும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. ‘மீட்டிங் கைடு’ என்ற பெயரில் ஏ.ஏ.யின் இலவசக் கைபேசிச் செயலியும் உண்டு. நீங்கள் இருக்கும் இடத்துக்கு அருகே இன்று எத்தனை மணிக்கு எங்கே கூட்டம் என்று அது காட்டும், ஆனால் எல்லா நாட்டுக் கூட்டங்களும் அதில் சேர்க்கப்பட்டிருக்காது. இவை எதிலும் கிடைக்காவிட்டால், பெரிய மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவுக்கு நேரில் போய், ‘இங்கே ஏ.ஏ. கூட்டம் நடக்கிறதா?’ என்று கேட்பது பழைய வழி என்றாலும் நல்ல வழி. பல குழுக்கள் மருத்துவமனைகளோடு தொடர்பு வைத்திருக்கும். அங்குள்ள செவிலியருக்கோ சமூகப் பணியாளருக்கோ உறுப்பினர் ஒருவரின் எண்ணாவது தெரிந்திருக்கும்.

பட்டியலில் இருக்கும் நேரத்தை அப்படியே நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். இந்தக் குழுக்களை நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத சாதாரண உறுப்பினர்கள். இடம் மாறும், நேரம் மாறும், பட்டியலைத் திருத்த மறந்துவிடுவார்கள். மிகுந்த தயக்கத்துடன் புறப்பட்டுப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர், திரும்பும் வழியில் எங்கே போவார் என்பது உங்களுக்கே தெரியும். எனவே முதலில் தொலைபேசியில் பேசுங்கள். ‘இது என் முதல் கூட்டம், யாராவது வாசலில் நிற்க முடியுமா?’ என்று கேட்டால் பெரும்பாலும் ஒருவர் வந்து நிற்பார்.

எந்தக் கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து இருக்கிறது. வீட்டுக்கு அருகே எது, பெரிய குழு எது, படித்தவர்கள் வருவது எது என்று பார்ப்பதைவிட, நீங்கள் வழக்கமாக முதல் கோப்பையை எடுக்கும் நேரத்தில் நடக்கும் கூட்டம் எது என்று பாருங்கள். நீங்கள் மாலை 7 மணிக்குக் குடிக்கத் தொடங்குபவரானால், காலை 11 மணிக்கு நடக்கும் அருமையான கூட்டத்தைவிட மாலை 7 மணிக்கு நடக்கும் சுமாரான கூட்டம் உங்களுக்கு அதிகம் உதவும். குடிப்பழக்கம் நேரத்தோடு பின்னிக் கிடப்பது. அந்த ஒன்றரை மணி நேரம் வேறோர் அறையில், நாற்காலியில், பிறர் பேசுவதைக் கேட்டபடி கழிந்துவிட்டால், அன்றைய வேட்கையின் உச்சம் உங்களைத் தொடாமல் கடந்துபோக வாய்ப்பு இருக்கிறது. புதிதாக வருபவர்களிடம் ‘90 நாளில் 90 கூட்டம்’ என்று சொல்லும் வழக்கம் பல குழுக்களில் உண்டு. கடுமையான கணக்குதான். ஆயினும் அதில் இருக்கும் நியாயம் இந்த நேரக்கணக்குதான் என்று நினைக்கிறேன்.

கூட்டங்களில் ‘திறந்த கூட்டம்’, ‘மூடிய கூட்டம்’ என்று இரு வகை இருக்கும். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தினர், மாணவர், ஆர்வத்தால் வருபவர் என யார் வேண்டுமானாலும் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும். உங்களுக்கு இரண்டுமே திறந்திருக்கின்றன. மனைவியையோ நண்பரையோ துணைக்கு அழைத்துப் போவதானால் திறந்த கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே என்ன நடக்கும் என்றால், ஒருவர் தொடங்கிவைப்பார், சிறு வாசிப்பு இருக்கும், பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிட்டு அறிவுரை சொல்வதில்லை என்பது பெரும்பாலான குழுக்களின் ஒழுங்கு. உங்கள் முறை வரும்போது ‘இன்று கேட்கத்தான் வந்தேன்’ என்றால் போதும். பெயர் சொல்வதானால் முதற்பெயர் மட்டும். முழுப்பெயர், முகவரி, வேலை எதையும் கேட்டு எழுதிவைப்பதில்லை.

பணம்? நுழைவுக் கட்டணம், மாதச் சந்தா என எதுவும் இல்லை. வாடகைக்காகவும் தேநீருக்காகவும் கடைசியில் ஒரு தட்டோ பையோ சுற்றி வரும். போடாமல் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். ஏ.ஏ. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை, மருத்துவமனை நடத்துவதில்லை, யாரையும் தங்கவைப்பதில்லை, மருந்து கொடுப்பதில்லை. ஏ.ஏ.யின் பெயரைச் சொல்லி ஒருவர் உங்களிடம் முன்பணம் கேட்டால், அவர் நடத்துவது வேறு ஏதோ ஒன்று. சிகிச்சை மையங்கள் எல்லாமே மோசமானவை என்று இதற்குப் பொருள் இல்லை. மையம் என்பது வேறு, கூட்டம் என்பது வேறு, நீங்கள் தேடிப்போவது இரண்டாவதை.

கேள்வி: என் கணவர் குடிநோயாளி. கூட்டத்தின் முகவரி, நேரம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டார். அவரை எப்படி அழைத்துப் போவது? நான் மட்டும் போய் அவர்களிடம் பேசினால், வீட்டுக்கு வந்து கூட்டிப்போவார்களா?

பதில்: அம்மா, நீங்கள் தேட வேண்டிய கூட்டம் இன்னொன்று இருக்கிறது, அது உங்களுக்கானது. குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் என்ற குழு 1951இல் தொடங்கப்பட்டது. ஏ.ஏ.யைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ், தோழி ஒருவருடன் சேர்ந்து உருவாக்கியது அது. கணவர்கள் கூட்டத்தில் இருக்கும்போது வெளியே காத்திருந்த மனைவிமார், தங்களுக்கும் பேச வேண்டியவை நிறைய இருப்பதைக் கண்டுகொண்டதிலிருந்து வளர்ந்தது. பதின்வயதுப் பிள்ளைகளுக்காக அல்-அட்டீன் என்ற பிரிவும் 1957இலிருந்து இருக்கிறது. கணவர் குடியை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் அங்கே போகலாம்; அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை.

வீட்டுக்கு வந்து கூட்டிப்போவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். குடிப்பவரே கேட்டால் உறுப்பினர்கள் இருவராக வந்து பேசுவது ஏ.ஏ.வில் பழைய வழக்கம். அவர் கேட்காமல், உங்கள் அழைப்பின் பேரில் வந்து இழுத்துப்போக மாட்டார்கள். அது நல்லதே. ஆளைப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லும் யாரையும் நம்பி அவரை ஒப்படைத்துவிடாதீர்கள்.

அல்-அனானில் புதியவர்களுக்கு மூன்று செய்திகளைச் சொல்வார்கள்: இதற்கு நான் காரணம் அல்ல, என்னால் இதைக் கட்டுப்படுத்த முடியாது, என்னால் இதைக் குணப்படுத்தவும் முடியாது. முதல் செய்தியை ஏற்க உங்களைப் போன்றவர்களுக்குப் பல மாதங்கள் ஆகும் என்பதை நான் அறிவேன். ‘நீ இப்படிப் பேசுவதால்தான் நான் குடிக்கிறேன்’ என்ற வாக்கியத்தை ஆண்டுக்கணக்கில் கேட்டவரிடம், இல்லை என்று ஒரே மாலையில் நம்பவைத்துவிட முடியாது.

ஆனாலும், குடும்பத்தினர் செய்யக்கூடியது எதுவுமே இல்லை என்று சொல்லிக் கைவிட்டுவிட எனக்கு விருப்பமில்லை. ராபர்ட் மேயர்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கிய, ‘கிராஃப்ட்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் குடும்பப் பயிற்சி முறை ஒன்று இருக்கிறது. குடித்திருக்கும் வேளையில் வாதம் செய்யாமல் விலகிவிடுவது, தெளிந்திருக்கும் வேளையில் அன்பாக இருப்பது, குடியால் வரும் இழப்புகளை அவருக்குப் பதிலாகத் தாங்கள் சுமக்காமல் இருப்பது, அவரே நொந்து ‘இதை விட்டுத் தொலைக்க வேண்டும்’ என்று சொல்லும் அந்த அரிய நிமிடத்தில் கையில் ஒரு வழி தயாராக வைத்திருப்பது ஆகியவற்றை அது கற்றுத்தருகிறது. குடும்பமே கூடி உட்கார்ந்து குற்றஞ்சாட்டும் முறையைவிட இந்த முறையில் அதிகம் பேர் சிகிச்சைக்கு வந்ததாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனநல ஆலோசகரிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

சட்டைப் பையில் சீட்டு வைத்ததைத் தவறு என்று சொல்லமாட்டேன். அந்தச் சீட்டின் நகலை மட்டும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து ‘காய்ச்சல்’ என்று பொய் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். அவர் கை ஓங்குபவராக இருந்தால், இதில் எதையும் முயல்வதற்கு முன் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான இடம் எது என்பதை முடிவுசெய்யுங்கள். அதற்குப் பிறகுதான் மற்றவை.

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஒரு கூட்டத்துக்குப் போனேன். சுவரில் மாட்டியிருந்த, ஏ.ஏ.யின் மீட்சி வழிமுறையான பன்னிரண்டு படிகளில் பாதிக்கு மேல் கடவுள் பேச்சு. முடிவில் எல்லாரும் எழுந்து நின்று பிரார்த்தனை செய்தார்கள். நான் நழுவிவிட்டேன். எனக்கு வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. 1994 முதல் அந்தப் பெயரில் இயங்கிவரும் ஸ்மார்ட் ரிக்கவரி என்ற குழுவில் கடவுளும் இல்லை, படிகளும் இல்லை. ‘நான் குடிநோயாளி’ என்று சொல்லிக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. எண்ணங்களையும் நடத்தையையும் ஆராய்ந்து மாற்றும் உளவியல் முறைகளை அடிப்படையாகக் கொண்டு, பயிற்சி பெற்ற ஒருவர் கூட்டத்தை நடத்துவார். குறுக்கே பேசலாம், கேள்வி கேட்கலாம். வேட்கை எழும்போது அதை எப்படித் தாண்டுவது, குடியின் இலாப நட்டங்களைக் காகிதத்தில் எப்படி எழுதிப் பார்ப்பது என்பதுபோன்ற பயிற்சிகள் இருக்கும். லைஃப்ரிங் என்ற குழுவும் மதச்சார்பற்றதே. பௌத்தத் தியான மரபைப் பின்பற்றும் ரிக்கவரி தர்மா என்ற குழுவும் இருக்கிறது.

குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இவற்றின் நேரடிக் கூட்டங்கள் ஏ.ஏ. அளவுக்குப் பரவலாக இல்லை. பல இடங்களில் இணையவழிக் கூட்டம் மட்டுமே கிடைக்கும். நான் முன்பு சொன்ன நேரக்கணக்கை இங்கே கொண்டுவருவேன். உங்கள் ஆபத்தான மாலையில் உங்களுக்கு எட்டக்கூடியது ஏ.ஏ. கூட்டம் ஒன்றுதான் என்றால், கடவுள் என்ற சொல் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டாவது உட்கார்ந்திருங்கள். அந்தப் படிகளில் ‘நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்றுதான் இருக்கிறது. அந்த இடத்தில் தங்கள் குழுவையே வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் குடிக்காமல் இருக்கும் நாத்திகர்கள் உண்டு. நாத்திகருக்கும் ஐயவாதிகளுக்குமான ஏ.ஏ. கூட்டங்களும் சில இடங்களில் நடக்கின்றன, பட்டியலில் அப்படியே குறிப்பிட்டிருப்பார்கள்.

பயன் உண்டா என்றும் நீங்கள் கேட்கக்கூடும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைப் பரிசீலித்தது. ஏ.ஏ.யில் சேர்ந்து தொடர்ந்து போகும்படி ஒருவரை முறையாக ஆயத்தப்படுத்தும் சிகிச்சைகள், குடியை அறவே விட்டிருப்பதைப் பொறுத்தவரை, மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடச் சற்று மேலான பலன் தந்தன என்பது அதன் முடிவு. அந்தப் பலன் பிரார்த்தனையால் வந்ததா, ஒரே அறைக்கு வாராவாரம் போனதால் வந்ததா என்று என்னைக் கேட்டால், என் பந்தயம் இரண்டாவதன் மேல்.

கேள்வி: குடிப்பது நான். பெண். வீட்டில் யாருக்கும் முழுமையாகத் தெரியாது. நான் போன கூட்டத்தில் 15 ஆண்கள், நான் ஒருத்தி. கூட்டம் முடிந்ததும் ஒருவர், தாமே எனக்கு வழிகாட்டியாக இருப்பதாகச் சொல்லி எண் கேட்டார். கொடுத்துவிட்டேன். இப்போது இரவில் செய்தி அனுப்புகிறார். மறுபடி போகவே அச்சமாக இருக்கிறது.

பதில்: உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது. அவருடைய எண்ணைத் தடுத்துவிடுங்கள், விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஏ.ஏ.வில் புதியவருக்குத் துணையாக இருக்கும் மூத்த உறுப்பினரை ‘ஸ்பான்சர்’ என்பார்கள். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பதே அதில் நெடுநாளாகப் பரிந்துரைக்கப்படும் வழக்கம். ஸ்பான்சரைப் புதியவர்தான் தேர்ந்தெடுத்துக் கேட்க வேண்டுமேயன்றி, ஸ்பான்சர் தாமாக வந்து ஒட்டிக்கொள்வதும் முறையல்ல. புதிதாக வரும் பெண்களின் தளர்ந்த நிலையைச் சிலர் பயன்படுத்திக்கொள்வதை உறுப்பினர்களே ‘பதின்மூன்றாம் படி’ என்று கசப்போடு கேலி செய்வார்கள். அதற்கென்று ஒரு பெயர் இருப்பதே, அது அவர்களுக்குத் தெரிந்த நோய் என்பதைக் காட்டுகிறது. அந்தக் குழுவின் செயலாளரிடம் சொல்லுங்கள். சொல்ல மனமில்லாவிட்டால் அந்தக் குழுவை விட்டுவிடுங்கள், கூட்டங்களையே விட்டுவிடாதீர்கள்.

பெண்கள் மட்டும் கூடும் ஏ.ஏ. கூட்டங்கள் உண்டு. ஜீன் கிர்க்பாட்ரிக் என்ற சமூகவியலாளர், குடியிலிருந்து தாம் மீண்டபின் 1975இல் தொடங்கிய ‘விமன் ஃபார் சொப்ரைட்டி’ என்ற குழுவும் இருக்கிறது. ஆணவத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் ஏ.ஏ.யின் அறிவுரை, ஏற்கெனவே தன்னைக் குறைத்து மதிப்பிட்டே வாழ்ந்த பெண்ணுக்குப் பொருந்தாது என்று அவர் கருதினார். எனவே அந்தக் குழுவில் தன்மதிப்பை வளர்ப்பதே முதன்மையாக இருக்கும். இந்த இரு வகைக் கூட்டங்களும் இணையவழியில் கிடைப்பதால், வீட்டாருக்குத் தெரியாமல் தொடங்க வேண்டிய உங்கள் நிலைக்கு அவை ஏற்றவை. மருத்துவரிடம் மட்டும் மறைக்காதீர்கள். கருவுற்றிருந்தாலோ, கருவுறும் திட்டம் இருந்தாலோ அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: இணையவழிக் கூட்டம் போதுமா?

பதில்: நேரில் போக வழியில்லாதவருக்கு அது பெரிய வரம். ஏ.ஏ.யின் இணையவழிக் கூட்டங்களுக்கென்று தனிப்பட்டியல் இருக்கிறது. உலகின் ஏதோ ஒரு மூலையில் எந்த நேரத்திலும் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கும் என்பதால், இரவு 2 மணிக்குத் தூக்கம் வராமல் உழல்பவருக்கும் இடம் உண்டு. படக்கருவியை அணைத்துவைத்துக் கேட்கலாம். திரையில் உங்கள் முழுப்பெயர் தோன்றாமல் மாற்றிவிட்டு நுழையுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் பொத்தானை அழுத்தி வெளியேறுவது மிக எளிது, சமையலறை அலமாரியும் பக்கத்திலேயே இருக்கிறது. வாய்ப்பு இருக்குமானால் வாரத்தில் ஒரு கூட்டமாவது நேரில் போங்கள்.

கேள்வி: தெரிந்தவர் யாராவது அங்கே இருந்துவிட்டால்?

பதில்: அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். அங்கே கண்டதையும் கேட்டதையும் வெளியே பேசுவதில்லை என்பது எல்லாருக்கும் பொதுவான உறுதி. இருந்தாலும் அது நம்பிக்கையின் அடிப்படையில் அமைந்த உறுதியே தவிர, மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ சொல்வதற்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு அதற்கு இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வழக்குக்கு இடமளிக்கக்கூடிய செய்திகளைக் குழுவில் சொல்லாமல், உரியவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அச்சம் தீரவில்லை என்றால் சற்றுத் தள்ளியிருக்கும் வேறு பகுதியின் கூட்டத்துக்குப் போகலாம், நேரம் மட்டும் பொருந்த வேண்டும்.

கேள்வி: மருத்துவர் எனக்கு நால்ட்ரெக்சோன் மாத்திரை கொடுத்திருக்கிறார். கூட்டத்தில் ஒரு மூத்த உறுப்பினர், ‘மாத்திரை போட்டுக்கொண்டு குடிக்காமல் இருப்பது உண்மையான மீட்சி அல்ல, அதைத் தூக்கி எறி’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மருத்துவர் சொல்வதை. உறுப்பினர் யாரும் தம்மை மருத்துவராக எண்ணிக்கொண்டு மற்றவருக்கு மருத்துவ ஆலோசனை சொல்லக் கூடாது என்று ஏ.ஏ.யின் கையேடே சொல்கிறது. அந்த மூத்தவர் தம் குழுவின் நிலையைச் சொல்லவில்லை, தம் சொந்தக் கருத்தைச் சொல்லியிருக்கிறார். நால்ட்ரெக்சோன், அக்காம்ப்ரோசேட், டைசல்ஃபிரம் ஆகிய மூன்றும் குடிநோய்க்கு நெடுங்காலமாகப் பயன்படும் மருந்துகள். இவற்றில் டைசல்ஃபிரம் எடுத்துக்கொள்பவர் குடித்தால் கடும் எதிர்விளைவு ஏற்படும் என்பதால், அதை ஒருவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுப்பது கொடிய செயல். இதை உங்களுக்காக அல்ல, இந்தப் பக்கத்தைப் படிக்கும் குடும்பத்தினருக்காகச் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: செவ்வாய்க்கிழமை மாலை 7 மணிக் கூட்டத்துக்கு 5 மாதம் தவறாமல் போனேன். ஒரு துளி குடிக்கவில்லை. போன வாரம் வெளியூர்ப் பயணத்தில் 3 நாள் குடித்துவிட்டேன். அந்த முகங்களை எப்படிப் பார்ப்பேன்? வேறு குழு தேடித் தர முடியுமா?

பதில்: வேறு குழு தேடித் தர முடியும், ஆனால் தர மாட்டேன். அதற்குக் காரணமாக ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1935ஆம் ஆண்டு மே மாதம், பங்குத்தரகரான பில் வில்சன் வணிக வேலையாக அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்துக்குப் போயிருந்தார். குடியை விட்டு அப்போது அவருக்கும் 5 மாதம்தான் ஆகியிருந்தது. போன வேலை தோற்றுவிட்டது. தங்கியிருந்த விடுதியின் கூடத்தில் தனியாக நின்றபோது மதுக்கூடத்தின் ஆரவாரம் அவர் காதில் விழுந்தது. அவர் அங்கே போகாமல், கூடத்தில் இருந்த தொலைபேசியை எடுத்து, தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து, தாம் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லி வந்த அவர், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். இதை எல்லாரும் சொல்வார்கள். அதிகம் சொல்லப்படாத பகுதி இதற்குப் பிறகு வருகிறது. அந்தச் சந்திப்புக்குப் பின் சில வாரங்கள் குடிக்காமல் இருந்த டாக்டர் பாப், ஒரு மருத்துவ மாநாட்டுக்கு வெளியூர் போனார். போன இடத்தில் குடித்துவிட்டார். நிலைகுலைந்து ஊர் திரும்பிய அவர், பில்லிடம்தான் திரும்பி வந்தார், வேறு ஆளைத் தேடிப் போகவில்லை. 1935 ஜூன் 10 அன்று அவர் கடைசியாகக் குடித்ததாகவும், அதையே ஏ.ஏ. தொடங்கிய நாளாகவும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

வெளியூர்ப் பயணம் என்ற உங்கள் சொல்லைப் படித்ததும் இது நினைவுக்கு வந்தது. பயணத்தில் உங்கள் செவ்வாய்க்கிழமை இல்லை, 7 மணி இல்லை, அந்த அறை இல்லை. அடுத்த பயணத்துக்குப் பயணச்சீட்டு எடுக்கும்போதே, போகும் ஊரில் அந்த நேரத்துக்கு எங்கே கூட்டம் என்று பட்டியலில் பார்த்துவிடுங்கள். எதுவும் இல்லையென்றால், விடுதி அறையில் உட்கார்ந்து இணையவழிக் கூட்டத்தில் சேரலாம் என்பதை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். 3 நாள் விடாமல் குடித்திருப்பதால் நடுக்கமோ குழப்பமோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

கூட்டத்தில் நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி: ‘3 நாள் குடித்துவிட்டேன், நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன்.’ குடிக்காத நாள்களின் கணக்கை ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்வார்கள், அது கொஞ்சம் வலிக்கும். ஆனால் அந்த 5 மாதத்தில் நீங்கள் கற்றுக்கொண்டதை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அன்று அந்த அறையில் முதல் முறையாக வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பவர் யாராவது இருந்தால், உங்களுடைய அந்த ஒரு வரியைத்தான் அவர் மிகக் கவனமாகக் கேட்பார். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் நாள் இருக்குமானால், அதற்கு முன் மாலை 7 மணிக்கு வேறு எங்கே கூட்டம் என்று இன்றே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.